செவ்வாய்க்கிழமை மீன்

காசியம்மாள் மாடிப்படி ஏறத் தொடங்கியதும், கீழே டீக்கடை பெஞ்சில் இருந்த நான்கு பேர் எழுந்து சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அவர்களில் ஒருவர் மறக்காமல் தன் கிளாஸையும் எடுத்துக்கொண்டு போனார். உயிர்ப் பயத்திலும் கால் கிளாஸ் டீயை விட்டுக்கொடுக்காத மனிதர்.

"உள்ள வரலாமா நைனா? இல்ல, வாசப்படியிலயே நின்னு சொல்ட்டுமா?" என்று கேட்டாள் காசியம்மாள். தலையில் காலி மீன் கூடை.

"வாசப்படியில ஏன் நிக்கணும்?" என்றார் துப்பறியும் அமானுல்லா.

"என் மேல கதிர்வீச்சு கீதாம்."

உதவியாளர் ரெபேக்காள் டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். "வந்து உக்காருங்கம்மா. இந்த ரூம்ல ரெண்டு மாசமா பல்பு எரியல. உங்களால கொஞ்சம் வெளிச்சம் வந்தா நல்லதுதான்."

செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிரே இருந்த அந்த மாடி அறையில் இரண்டு நாற்காலி, ஒரு பீரோ, இரண்டு வேலை போனவர்கள். அமானுல்லா ஒரு பார்சல் கம்பெனியில் காணாமல் போன மூட்டைகளைத் தேடும் குமாஸ்தாவாக இருந்தவர். தேடச் சொன்ன முதலாளி வீட்டிலேயே மூன்று மூட்டைகளைக் கண்டுபிடித்த அன்று வேலை போயிற்று. ரெபேக்காள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஏழு வருஷம் ஊர் ரகசியங்களைக் காதில் வாங்கியவள். வாங்கியதில் ஒன்றே ஒன்றைத் திருப்பிச் சொன்னாள், அது போதுமானதாக இருந்தது.

1979 ஏப்ரல் மாதம் அது. அமெரிக்காவில் ஏதோ ஒரு அணு உலை பழுதாகிக் கதிர்வீச்சு வெளியே வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அமெரிக்கா எங்கே, செங்கல்பட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நம் கடற்கரையிலும் ஒரு அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்களே, அது போதாதா? அங்கே இன்னும் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்தபாடில்லை. இருந்தாலும் ஊர் நடுங்கியது. 'பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம்' என்று அதிகாரிகள் அறிக்கை விட்டார்கள். அதுவரை சும்மா இருந்தவர்களும் அதைப் படித்த பிறகு பீதி அடைந்தார்கள்.

"முழுக்கச் சொல்லுங்க" என்றார் அமானுல்லா.

"போன வாரம் செவ்வாக்கிழம நைனா. காலைல மார்க்கெட்ல என் எடத்துல குந்திகினு யாவாரம் பண்ணிகினு கீறேன். நல்ல கூட்டம். வெள்ளக் கோட்டு போட்டுகினு ஒருத்தன் வந்தான். இடது கையில ஒரு பொட்டி. அத்த என் கூடை மேல வெச்சான். டிக் டிக் டிக்னு ஒரே சத்தம். 'எந்த ஊரு மீனும்மா'ன்னான். கல்லடிக்குப்பம், விடிகாலைல புடிச்சது, இன்னும் துள்ளுது பாருன்னேன். 'ஐயையோ, அணு உலைக்குப் பக்கத்துக் குப்பம்டா'ன்னு எவனோ கத்தினான். அவ்ளோதான், மார்க்கெட்டே காலி."

"அப்புறம்?"

"அப்பால இன்னா? பஸ்ஸுல கண்டக்டர் மூங்கில் குச்சியில டிக்கெட்ட சொருவி நீட்றான். எங்க குப்பத்து மீனை ஒருத்தனும் வாங்கல, எல்லாம் கருவாடா காயுது. மார்க்கெட் குத்தகைக்காரர் ராஜேந்திரன் நாளிக்கு வரிக்கும் பாப்பாராம். ஞாயித்துக்கிழமயும் என்னாண்ட ஒருத்தனும் மீன் வாங்கலன்னா, என் எடத்துல வாழக்கா கடை வெச்சிடுவாராம். இருவத்திரெண்டு வருஷமா குந்திகினு கீற எடம் நைனா. அது பூட்டா நான் எங்க போவேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமானுல்லா கூடையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். பிரம்பு இடுக்கில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் நோண்டி, பழைய பஸ் டிக்கெட்டில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கூடையின் விளிம்பில் ஊதா நிறத்தில் மெல்லிசாக ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"இதை அவன் போட்டானா?"

"ஆமா."

"போடும்போது டிக் டிக் கேட்டுதா?"

காசியம்மாள் யோசித்தாள். "இல்ல நைனா. எழுத சொல்ல நின்னுபோச்சு. எழுதி முடிச்சதும் மறுபடி கேட்டுது."

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச கதிர்வீச்சு" என்றாள் ரெபேக்காள். "எழுதுறவரைத் தொந்தரவு பண்ணல."

"சத்தம் பெட்டியில வரல, வலது கையில வந்திருக்கு" என்றார் அமானுல்லா. "அந்தக் கை சுண்ணக்கட்டியை எடுக்கப் போனதும் சத்தம் நின்னிருக்கு. இந்தக் கோட்டையும் பாரு ரெபேக்கா. பள்ளிக்கூட சாக்பீஸ் இவ்வளவு மெல்லிசா எழுதாது. இது தட்டைக் கட்டி. துணியில அடையாளம் போடறது."

"தையல்காரனா?" ரெபேக்காள் காசியம்மாள் பக்கம் திரும்பினாள். "அவன் வேற ஏதாவது பார்த்தானாம்மா?"

"போவ சொல்ல என் ரவிக்கைக் கையப் பாத்து மூஞ்ச சுளிச்சான். தையல் பிரிஞ்சு கெடந்துச்சு."

"விஞ்ஞானி அதையெல்லாம் பார்க்க மாட்டார். எந்தப் பக்கம் போனான்?"

"மாவலிபுரம் பஸ்ஸுல ஏறினான். நானும் வுட்டிருக்க மாட்டேன், பின்னாடியே போயி சட்டையப் புடிச்சிருப்பேன். அன்னிக்குன்னு எங்க குப்பத்துல பாப்பா ஆத்தா சாவு. மத்தியானம் பொணம் எடுக்கறதுக்குள்ள ஓடணும்."

அமானுல்லா சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, போகலாம்."

சனிக்கிழமை காலையில் மாமல்லபுரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. காசியம்மாள் ஏறினாள். மூன்று பேர் உட்காரும் சீட்டுகள் இரண்டு தானாகக் காலியாயின. ரெபேக்காள் ஜன்னலோரம் சாய்ந்து கால் நீட்டினாள்.

"பாய், இந்த கேஸை மெதுவா முடிங்க. தீபாவளிக்குத் திருச்சி போற வரைக்கும் இந்தம்மாவை நம்மகூடவே வெச்சுக்கலாம்."

காசியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் முதல் சிரிப்பு. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை, திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

மாமல்லபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே நான்கு தையல் கடைகள். வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள பைஜாமா தைத்துக் கொடுத்து நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ரெபேக்காள் முதல் கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணாத்த, உங்க ஊர் நாடகத்துல எப்பவும் டாக்டர் வேஷம் கட்டுற டெய்லர் யாரு?"

"நம்ம எல்லப்பன்" என்று மூன்றாவது கடையைக் கை காட்டினார் அவர். "கோட்டுகூட சொந்தக் கோட்டு. இன்னா, டிராமாவுக்குக் கூப்பிட வந்தீங்களா?"

"ஆமா. போன டிராமா ரொம்ப நல்லா ஓடிச்சு. பார்க்க வந்த ஜனமும் ஓடிச்சு."

எல்லப்பன் ஒல்லியான மனிதர். முகத்தில் ரோஸ் பவுடர். காசியம்மாளை வெளியே தட்டிக்கு மறைவில் நிறுத்திவிட்டு, அமானுல்லா ஒரு சட்டைக்கு அளவு கொடுத்தார். எல்லப்பன் தோளை அளந்து, துணியில் ஊதாக் கட்டியால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். அப்போது ரெபேக்காள் தையல் மெஷின் மேல், நூல்கண்டுகளுக்கு நடுவில் எதையோ பார்த்தாள். தகரத் தவளை. திருவிடந்தைக் கோயில் திருவிழாவில் குழந்தைகளுக்கு விற்பார்களே, அடிவயிற்றை அமுக்கினால் சத்தம் போடும், அது.

எடுத்து அமுக்கினாள். டிக்.

இன்னும் இரண்டு முறை. டிக், டிக்.

"அதே சத்தம்!" என்று தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் காசியம்மாள். "அடப்பாவி, இத்த வெச்சுகினா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட?"

எல்லப்பனுக்கு ரோஸ் பவுடரையும் மீறி முகம் வெளுத்தது. டாக்டராக எத்தனையோ மேடைகளில் சாவுச் செய்தி சொன்னவர், இப்போது அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வசனம் குடுத்தாங்க, பேசினேன். அதுவும் பாதிதான் பேசினேன். மீதியைப் பேசறதுக்குள்ள ஜனம் ஓடிப்போச்சு."

"மீதி என்ன?" என்றார் அமானுல்லா.

எல்லப்பன் தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றார். "'அமெரிக்க உலையில் உடைந்த விஷம் ஆழ்கடலில் கலந்துவிட்டது! விசைப்படகு பிடிக்கும் மீனை வாங்காதீர்கள்! கரையோரம் வரும் கட்டுமர மீன் ஒன்றே சுத்தம்!' அதோட முடியணும்ங்க. கைதட்டல்கூட எதிர்பார்த்தேன்."

"வசனம் குடுத்தது யாரு?"

"கல்லடிக்குப்பத்து நாட்டார். சின்னராசு."

காசியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குப்பத்தில் நாட்டார் என்றால் ஊர்த்தலைவர், அவர் சொல்லைத் தாண்டி ஒரு கட்டுமரம் நகராது. சொந்தக் குப்பத்து மீனைச் சொந்த நாட்டாரே கெடுப்பாரா?

"உங்களுக்கு என்ன குடுக்கறதா பேச்சு?" என்று கேட்டாள் ரெபேக்காள்.

"வாரத்துக்கு ஒரு வஞ்சிரம்."

"வந்துதா?"

"முதல் வாரம் வந்துச்சு." எல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். "நான் சாப்பிடலீங்க. பூனைக்குப் போட்டேன். பயமா இருந்துச்சு."

தவளையை அமுக்கியதும் இவர், ஊரை ஏமாற்றியதும் இவர், பயந்ததும் இவரேதான். ரெபேக்காள் அவரை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

கல்லடிக்குப்பம் அங்கிருந்து தெற்கே. மணலில் ஏற்றி வைத்த கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன, வலைகளெல்லாம் காய்ந்து மடமடத்தன. எங்கு பார்த்தாலும் கருவாடு. தூரத்தில், சாரம் கட்டிய அணு உலைக் கட்டிடம் அரைகுறையாக நின்றது. எல்லப்பனையும் தள்ளிக்கொண்டு மூன்று பேரும் போய் நின்றபோது, சின்னராசு நாட்டார் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அமானுல்லா தவளையை எடுத்து அவர் முன்னால் மணலில் வைத்தார்.

சின்னராசு அதைப் பார்த்தார். எல்லப்பனைப் பார்த்தார். மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். இன்னா இப்போ? மெட்ராஸ் விசைப்படகுக்காரன் நம்ம கரை வரிக்கும் வந்து வலையெல்லாம் அறுத்துகினு பூட்றான். குஞ்சு மீனக்கூட வுட மாட்றான். மனு எழுதிக் குடுத்து மூணு வருஷமாச்சு, ஒருத்தனும் ஏன்னு கேக்கல. பேப்பர்ல அணு உலைன்னு போட்டதும் ஊரே நடுங்குது. சரி, அந்தப் பயத்த கொஞ்சம் நம்ம பக்கம் திருப்பலாம்னு பாத்தேன். விசைப்படகு மீனை எவனும் வாங்கலன்னா அவன் இங்க எதுக்கு வருவான்?"

"யோசனை நல்ல யோசனைதான்" என்றார் அமானுல்லா. "ஆனா பெட்டியை உங்க குப்பத்து மீன் மேலயே வெக்க வெச்சீங்களே?"

"எங்க குப்பத்து மீனா?" சின்னராசு வலையைக் கீழே போட்டார். "அந்தப் பேஜாருதான் எனக்கும் புரியல சார். அன்னிக்கு எங்க மீன் மார்க்கெட்லயே இருக்கக் கூடாது. குப்பத்துல சாவு வுழுந்துட்டா பொணம் எடுக்கற வரிக்கும் ஒரு மரமும் கடல்ல எறங்காது. அது எங்க ஊர்க் கட்டுப்பாடு. அந்த மாதிரி ஒரு நாளுக்குத்தான் காத்துகினு இருந்தோம். திங்கக்கிழம சாயங்காலம் பாப்பா ஆத்தா கண்ண மூடிச்சு. செவ்வாக்கிழம மார்க்கெட்ல எந்தக் கூடை மேல பொட்டிய வெச்சாலும் அது விசைப்படகு மீன்தான். தப்பே நடக்காதுன்னு சொல்லித்தான் இவனை அனுப்பினேன். அப்பறம் எப்படி எங்க பேரு வந்துச்சு?"

காசியம்மாள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த கடலை இன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல.

அமானுல்லா சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரித்தார். அதில் நான்கு உமி.

"இது உங்க கூடையில இருந்ததும்மா. கட்டுமரத்துல வந்து நேரா கூடைக்குப் போற மீனுக்கு உமி எதுக்கு? ஐஸ்கட்டி உருகாம இருக்கத்தான் உமி போட்டு மூடுவாங்க."

"ஐயோ நைனா" என்றாள் காசியம்மாள். அப்புறம் கடகடவென்று கொட்டினாள். "மெட்ராஸ் பீச்சு ஸ்டேஷன்லேர்ந்து விடிகாலை ரயில்ல ஐஸ் பொட்டி வரும். அதுல வாங்கினேன். ஒரு நாள் எடத்த காலியா வுட்டா அடுத்தவ கூடைய வெச்சிடுவா நைனா. பொணம் எடுக்கறதுக்குள்ள வந்துடலாம்னுதான் போனேன். இவன் வந்து எந்த ஊரு மீனுன்னு கேட்டான். இத்தினி வருஷமா நான் இன்னா சொல்லிகினு கீறேன்? கல்லடிக்குப்பம், விடிகாலைல புடிச்சது, இன்னும் துள்ளுது. யார் கேட்டாலும் அதான். வாய் தானா சொல்லிடுச்சு."

எல்லப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீ காசிமேட்டு விசைப்படகு மீன்னு சொல்லியிருந்தா என் வசனம் கரெக்டா உக்காந்திருக்கும்மா!"

"அப்போ" என்றாள் ரெபேக்காள், "கதிர்வீச்சு இருக்குன்னு சொன்னதும் பொய், குப்பத்து மீனுன்னு சொன்னதும் பொய். ரெண்டு பொய்யும் மார்க்கெட்ல சந்திச்சு ஒரு உண்மையான கலவரத்தைப் பெத்திருக்கு."

சின்னராசுவுக்குத் தான் நாட்டார் என்பது ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். "சாவு நாள்ல யாவாரம் பண்ணியிருக்க. ஊர்க்கூட்டம் போட்டு அபராதம்..."

"போடுங்க" என்றாள் ரெபேக்காள். "அதே சாவு நாள்ல நாடகம் போட்டவருக்கும் அதே கூட்டத்துல போட்டுடுங்க."

சின்னராசு மறுபடி உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல மார்க்கெட்டுக்கு எல்லாரும் வரணும்" என்றார் அமானுல்லா. "எல்லப்பன் தவளையைக் காட்டணும். நாட்டார் தான் செஞ்சதைச் சொல்லணும். காசியம்மா, நீங்களும் உண்மையைச் சொல்லணும்."

காசியம்மாள் பதறினாள். "நான் மாட்டேன் நைனா. கதிர்வீச்சுக்காரின்னு சொன்னாகூட தாங்கிக்குவேன், அது யாரோ கட்டிவுட்டது. ஐஸ் மீன் வித்தவன்னு பேரு வந்தா அது நான் பண்ணது. நான் எந்த மூஞ்ச வெச்சுகினு அங்க குந்துவேன்?"

"சொல்லாட்டி குந்தறதுக்கு அந்த எடமே இருக்காது" என்றார் அமானுல்லா. அவருக்கே அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டு மார்க்கெட்டில் காசியம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கூடை நிறையக் குப்பத்து மீன், நிஜமாகவே விடிகாலையில் பிடித்தது. சுற்றிலும் பத்தடிக்கு ஈ மட்டும்தான். குத்தகைக்காரர் ராஜேந்திரன் வாழைக்காய்க்காரரைக் கையோடு கூட்டிவந்து, இடத்தின் நீள அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் கோட்டில் எல்லப்பன் வந்ததும் கூட்டம் இன்னும் நான்கடி பின்வாங்கியது. அவர் பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே ஒன்றுமில்லை. தவளையை உயர்த்தி டிக் டிக் என்றார். சின்னராசு நடந்ததைச் சொன்னார். ஜனம் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. "குப்பத்துக்காரன் மீன் விக்கறதுக்கு இதுவும் சொல்வான்" என்று முணுமுணுத்தார்கள். மூக்கில் கைக்குட்டையோடு நின்ற தேவசகாயம் வாத்தியார் பலமாகத் தலையாட்டினார். பத்து வருஷமாகக் காசியம்மாளிடம் மட்டுமே மீன் வாங்குகிறவர், இந்தப் பத்து நாளாக அவளைக் கண்டாலே வேறு தெரு.

காசியம்மாள் அமானுல்லாவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"அன்னிக்கு நான் வெச்சிருந்தது எங்க குப்பத்து மீனே இல்ல. ரயில்ல வந்த ஐஸ் மீனு. பொய் சொல்லி வித்தேன். போதுமா?"

தேவசகாயம் வாத்தியாரின் கைக்குட்டை கீழே விழுந்தது.

"என்னது, ஐஸ் மீனா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் காசியம்மாளின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "ஐஸ் மீனையா எங்கிட்ட துள்ளுதுன்னு குடுத்தே? அன்னிக்கு முதல் ஆளா வாங்கிட்டுப் போனேன், என் மச்சினன் விருந்துக்கு வந்திருந்தான்! பச்சை மீனுன்னு பீத்திக்கிட்டேன்! இதுக்கு முன்னால எத்தனை நாள் குடுத்தே? இது? இது என்ன மீன்?"

கூடைக்குள் கையை விட்டு ஒரு சங்கராவை எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் அமுக்கினார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் பாய்ந்து வந்தது. எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு என்று ஆளுக்கொரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கினார்கள். கதிர்வீச்சுக்குப் பத்தடி தள்ளி நின்ற ஜனம், ஐஸைக் கண்டுபிடிக்க முழங்கை வரை கையை உள்ளே விட்டது. திட்டிக்கொண்டேதான் வாங்கினார்கள், ஆனால் வாங்கினார்கள். ராஜேந்திரன் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தானும் குனிந்து ஒரு செவுளைத் தூக்கினார். வாழைக்காய்க்காரர் சொல்லிக்கொள்ளாமல் நழுவிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் கூடை காலி. காசியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வாத்தியார் கிட்ட வந்து திட்னாரு பாத்தியாம்மா?" என்று ரெபேக்காளிடம் சொன்னாள். "மூஞ்சியாண்ட வந்து திட்னாரு."

அமானுல்லாவுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு மீனை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கி, கொஞ்சம் வெட்கத்தோடு, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

எல்லப்பன் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். காசியம்மாள் அவரிடம் கை நீட்டினாள்.

"அந்தத் தவளையக் குடு."

"எதுக்கு?"

"அங்க இன்னும் அடுப்பே பத்த வெக்கல. அதுக்கே இந்த ஆட்டம்." அமானுல்லா பக்கம் திரும்பினாள், குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நாளிக்குப் பத்த வெப்பாங்க. எப்பனா நெசமாவே ஏதாச்சும் ஆயிடுச்சின்னு வெச்சுக்க நைனா, வெள்ளக் கோட்டு போட்ட நெச ஆளுங்க எங்க குப்பத்துக்கு ஓடியாந்து சொல்வாங்களா?"

ரெபேக்காளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும், இப்போதும் இருந்தது. ஆனால் அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள்.

"பேப்பர்ல போடுவாங்கம்மா. பீதி அடைய வேண்டாம்னு."

"அதான் தவளையக் கேட்டேன்" என்றாள் காசியம்மாள். தவளையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்து, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.